எரிபாறை மேடை

தோமாலோ
12 ஜனவரி 1985

அன்பு அக்கா ருக்கியாவுக்கு சம்சியாவின் ஸலாம்.

இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தெர்னாத்தேயில் மழை விட்டதா, உன் வகுப்புக் கூரை இன்னும் ஒழுகுகிறதா?

நல்ல செய்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். மரக் கம்பெனி மூடியதிலிருந்து சும்மா இருந்த இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. எரிபாறையைப் பூங்காவாக்குகிறார்கள். எரிமலையிலிருந்து குழம்பாய் இறங்கி வந்து கடலுக்குள் கறுப்பு நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறதே, பழைய தோமாலோவே அதற்கடியில் புதைந்திருக்கிறது என்று சொல்லி நம்மைப் பயமுறுத்துவார்களே, அதே இடந்தான். நகரத்திலிருந்து ஒரு முதலாளி வந்து குத்தகை எடுத்திருக்கிறார். பாறை நடுவே பாதை, உட்காரக் கல் பெஞ்சு, நாக்கின் நுனியில் கடலைப் பார்க்க ஒரு சிமெண்டு மேடை. கட்டுகிற மேஸ்திரி இவர்தான். கட்டி முடித்தபின் காவல்காரர் வேலையும், வாசலை ஒட்டி ஒரு வீடும் இவருக்கே.

மேடை முடியவில்லை. ஆனாலும் விடுமுறை நாளில் லாரி பிடித்து ஜனங்கள் வருகிறார்கள். நான் ஒரு கடை போட்டிருக்கிறேன். கெனாரிப் பருப்பு தூவிய இஞ்சிப்பானமும், வாழைப்பழப் பொரியலும், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பலும். நேற்று சட்டி காலி.

பாறை இடுக்கெல்லாம் பெரணிச் செடி தளதளவென்று முளைத்திருக்கிறது. மேலே போய் நின்றால் முதுகுக்குப் பின்னால் மலை, முன்னால் கடல். அக்கா, நீ உன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வரவேண்டும். எல்லோருக்கும் நான் பொரித்துப் போடுகிறேன்.

இவரும் ஸலாம் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை
சம்சியா


தெர்னாத்தே
2 பிப்ரவரி 1985

என் சம்சியாவுக்கு, அக்காவின் ஸலாமும் முத்தமும்.

முதுகு வலிக்கத்தான் செய்கிறது. கரும்பலகை முன்னால் நின்றே தேய்ந்த முதுகு. கூரையும் ஒழுகுகிறது. பிள்ளைகள் நனையாத மூலையில் ஒண்டிக்கொண்டு படிக்கிறார்கள்.

மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அவ்வளவுதான், பிள்ளைகள் என்னை விடவில்லை. தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். "பாறையப் பாக்க படகு ஏறணுமா டீச்சர்? இங்க கால இடறுற பாறை பத்தாதா?" என்றார். பிறகு வாழைப்பழப் பொரியல் என்றதும் அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசியில் வருகிறோம்.

மீன் விற்கும் வாஹிதா வழக்கம்போலச் சரக்கோடு படகில் வந்திருந்தாள். நீ புளிப்பு மாங்காயாக வாங்கித் தின்கிறாயாம். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே? அக்காவிடம் மறைக்கிற அளவுக்குப் பெரிய மனுஷி ஆகிவிட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

ருக்கியா


தோமாலோ
10 மார்ச் 1985

அக்காவுக்கு ஸலாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வாஹிதா சொன்னது உண்மைதான். காலையில் வாந்தி, மற்றபடி சுகம். இவரும் சுகம்.

பிப்ரவரி நடுவில் இங்கே நிலம் ஆடியது. அங்கேயும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தட்டு விழுந்ததோடு சரி. மேடை அதற்கு முன்பே முடிந்துவிட்டது, ஒரு கீறல் இல்லை என்று எல்லோரும் இவரைப் பாராட்டுகிறார்கள்.

ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வேடிக்கை. கடல் ஏறும் நேரத்தில் மேடைக்குப் பக்கத்துப் பாறை வெடிப்பிலிருந்து புஸ் என்று காற்று வருகிறது. பாறை மூச்சு விடுகிறது என்று ஜனங்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். தொப்பியை அதன்மேல் வைப்பார்கள், அது பறக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். இவர் அந்த வெடிப்பைச் சிமெண்டு போட்டு அடைத்தார். மறுநாள் வேறொரு இடத்தில் மூச்சு வந்தது. அதையும் அடைத்தார். ஒன்றுமில்லையாம்.

பிள்ளைகள் விஷயம். ஏப்ரலில் கடல் மோசமாக இருக்கும். எனக்கும் எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேருக்குப் பொரிக்க முடியாது. அடுத்த வருடம் பார்க்கலாம், அல்லது வேறு எங்காவது கூட்டிப்போ. வெறும் கறுப்புக் கல்தானே.

இவர் படகுத்துறைக்குக் கிளம்புகிறார். இந்தக் கடிதத்துக்காக நிற்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

சம்சியா


தெர்னாத்தே
22 மார்ச் 1985

சம்சியாவுக்கு,

அல்லாஹ் உன்னையும் வயிற்றில் உள்ளதையும் காப்பாற்றட்டும். செய்தி கேட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை படித்தும் மனம் ஆறவில்லை. ஏப்ரலில் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல இருக்கும் என்பது அந்தக் கரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? நீதானே வா வா என்றாய்? பொரிக்க முடியாவிட்டால் வேண்டாம், நாங்கள் அவித்த கிழங்கு கட்டிக்கொண்டு வருகிறோம்.

வீட்டில் ஏதாவது தகராறா? மாப்பிள்ளை கை நீட்டுகிறாரா? இல்லை, நான் வந்து பார்க்கக்கூடாத நிலைமையில் குடித்தனம் இருக்கிறதா? எதுவானாலும் எழுது. நான் உன் அக்கா, சம்பந்தி வீட்டு ஆள் இல்லை.

பிள்ளைகள் தினமும் தேதி கேட்கிறார்கள். என்ன சொல்ல?

ருக்கியா


தோமாலோ
8 ஏப்ரல் 1985

மதிப்பிற்குரிய ருக்கியா அக்கா அவர்களுக்கு, மஹ்தியின் பணிவான ஸலாம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன். இங்கே சம்சியா சுகம். பிள்ளை உண்டான பெண்கள் மனம் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவள் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மே 2, கல்வி நாளன்று பூங்காவை மாவட்டத் தலைவர் திறந்து வைக்கிறார். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் நின்று பாடினால் சிறப்பாக இருக்கும் என்று முதலாளி பிரியப்படுகிறார். உங்களைப் பற்றிச் சொன்னேன். தன் சொந்தப் படகையே அனுப்புகிறாராம். சாப்பாடும் அவர் பொறுப்பு. தலைமையாசிரியருக்குத் தனியாகக் கடிதம் போயிருக்கிறது.

மேடையைப் பற்றிக் கவலை வேண்டாம். லாரியை ஏற்றினாலும் தாங்கும். என் கையால் கட்டியது.

அவசியம் வரவேண்டும். இது என் பிழைப்புக்கும் நல்லது.

இப்படிக்கு
மஹ்தி


தோமாலோ
11 ஏப்ரல்

அக்கா,

இதை வாஹிதா மீன்கூடைக்குள் வைத்துக் கொண்டு வருகிறாள். ஈரமாக இருந்தால் அதனால்தான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதே. என்ன ஆனாலும் வராதே. அம்மை என்று சொல், உனக்கே காய்ச்சல் என்று சொல். காரணம் கேட்டு எழுதாதே, இங்கே வருகிற கடிதம் எல்லாம் முதலில் இவர் கைக்குப் போகிறது.

என்னை யாரும் அடிக்கவில்லை. சுகமாக இருக்கிறேன்.

சம்சியா


தெர்னாத்தே
6 மே 1985

சம்சியா,

இதை வாஹிதா உன் கையில்தான் தருவாள். வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். என் வகுப்பில் அம்மை என்று பொய் சொன்னேன். பிள்ளைகள் சீருடை வெளுத்து, பாட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அழுதார்கள். கடைசிப் பெஞ்சு ஜைனப் என்னிடம் வந்து, "எங்க யாருக்கும் கொப்புளமே இல்லியே டீச்சர்" என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். நான் எங்கே முகத்தை வைப்பது?

திறப்பு விழா நன்றாக நடந்ததென்று வானொலியில் சொன்னார்கள். மறுநாள், அம்மை பொய்யென்று தெரிந்துகொண்ட தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும், "ஒண்ணும் முழுகிப் போகலியே டீச்சர்? ஒங்க தங்கச்சி வீட்டுச் சண்டைக்கு நம்ம பள்ளிக்கூடத்தப் பட்டினி போட்டுட்டீங்களே" என்றார். காரணம் எனக்கே தெரியாதே.

இனி நீ சொல்லியாக வேண்டும். உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது.

ருக்கியா


தோமாலோ
16 மே 1985

அக்காவுக்கு ஸலாம்.

உடம்பு சுகம். குழந்தை அசைய ஆரம்பித்துவிட்டது. உன் கோபம் நியாயம். எழுதிவிடுகிறேன்.

நிலம் ஆடியதற்கு அடுத்த வாரம், கடல் நன்றாக உள்வாங்கியிருந்த ஒரு மத்தியானம், சிப்பி பொறுக்கப் பாறை நுனியின் அடிப்பக்கம் போனேன். மேடைக்கு நேர்கீழே பாறையில் ஒரு வாய் திறந்திருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். நிமிர்ந்தால் நம்ம பள்ளிவாசல் அளவு இடம். அந்தக் காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த வழி அது, உள்ளே வெறும் பொந்து. மேலே பார்த்தேன். கூரை, அடுப்பில் உப்பின ரொட்டியின் மேல்தோல் மாதிரி. அதில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக மேடைத் தூணின் அடிக்கால் தெரிந்தது. அது தரையில் நிற்கவில்லை, அக்கா. கம்பி நீட்டிக்கொண்டு காற்றில் தொங்கியது. பக்கத்தில் என் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. நான் நிற்கும்போதே சின்னச் சின்னதாகக் கல் உதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. இவர் ஈரப் பாவாடையையும் சிப்பிக் கூடையையும் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"தூணு தரையில நிக்கலைங்க."

"தெரியும். தூணுக்குக் குழி போடுறப்பவே கடப்பாரை கையவிட்டு உள்ள போயிடுச்சு. முதலாளிகிட்ட சொன்னேன். கல்லப் போட்டு அடைச்சு மேல சிமெண்ட ஊத்துன்னுட்டாரு."

"ஊத்துனீங்களா?"

"ஊத்தாம? நான் இல்லன்னா இன்னொருத்தன் ஊத்துவான். வீடும் அவனுக்குப் போகும். மத்த மூணு தூணு நல்லாத்தானே நிக்குது. மூணு கால்ல நாற்காலி நிக்கிறதில்லையா?"

நான் அழுதேன். வெளியே சொல்லிவிடுங்கள் என்றேன். "சொன்னா நான்தான் உள்ள போவேன், முதலாளி போகமாட்டாரு. புள்ள அப்பன் இல்லாமப் பொறக்கட்டும்னா சொல்லு, இப்பவே போயி சொல்றேன்" என்று சட்டையை எடுத்து மாட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அன்றிலிருந்து என் கடிதமெல்லாம் இவர் படித்த பிறகுதான் படகுக்குப் போகும்.

திறப்பு விழாவுக்கு நீங்கள் வராததால் தோமாலோ பிள்ளைகளையே நிறுத்தினார்கள். வாஹிதாவின் மகள் முன்வரிசையில் நின்றாள். உன் பிள்ளைகளைத் தடுத்த எனக்கு அந்தப் பிள்ளைகளைத் தடுக்க வாய் வரவில்லை. சட்டியில் பழம் கருகுவது தெரியாமல் நின்றேன். அவர்கள் காலைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பாடி முடிந்ததும் மாவட்டத் தலைவர் போட்டோவுக்காக இவரைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, மேல வாங்க. ஒங்க கைவேலைதானே?" இவர் சிரித்துக்கொண்டே, "செருப்பெல்லாம் சேறுங்கய்யா, நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். அன்றைக்கு மழையே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலம் ஆடிய நாளிலிருந்து இவர் மேடையில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. பெருக்குவதற்குக்கூட என்னைத்தான் அனுப்புவார்.

மத்தியானம் இரண்டு தடவை சாகோக் கூழ் வாங்கிச் சாப்பிட்டார். "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றார்.

வாஹிதா எதுவும் அறியாமல் இதைக் கொண்டு வருகிறாள். அவளிடம் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன்.

சம்சியா


தெர்னாத்தே
27 மே 1985

சம்சியா, என் கண்ணே,

உனக்கு அக்காவின் ஸலாம். அந்த மேடையைப் பெருக்கினாயா நீ? வயிற்றில் பிள்ளையோடு?

பொறுக்க முடியாமல் சனிக்கிழமை மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மேசை மாற்றி விட்டார்கள். மூன்றாவது ஆள் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். மேடை உறுதியானது என்று கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. "ஒங்க தங்கச்சி என்ன, இன்ஜினியரா?" என்றார். சிப்பி பொறுக்கப் போனவள் என்று சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். பிள்ளைகளுக்கு அம்மை என்று பொய் சொன்ன டீச்சர் நான்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போகட்டும். நீ கிளம்பி வா. மிச்ச நோன்பை என்னோடு நோற்கலாம். பிரசவத்தையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். நோன்புப் பெருநாளன்று அங்கே பக்கத்து ஊர் ஜெயிலோலோவிலிருந்து லாரி லாரியாக ஆள் வரப்போகிறதாம். அந்த நாளில் நீ அங்கே இருக்கக்கூடாது.

பதில் வேண்டாம், நீயே வா. ஒவ்வொரு படகுக்கும் துறையில் வந்து நிற்பேன்.

ருக்கியா


தோமாலோ
23 ஜூன் 1985

அக்காவுக்கு என் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும்.

உன்னை இத்தனை படகுக்கு நிற்க வைத்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை.

நான் வந்துவிட்டால் பெருநாளன்று மேடையில் ஏறுகிறவர்களுக்கு யார் சொல்வது? அதனால்தான் வரவில்லை. நோன்பு முழுக்க இவரிடம் கெஞ்சினேன். பாதையை மூடுங்கள், பூச்சு வேலை என்று ஏதாவது சொல்லுங்கள் என்றேன். முதலாளி அன்றைக்கு நேரில் வருகிறார், முடியாது என்றார். வாஹிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள். பிறகு, "எம் மக அதுமேல குதிச்சாளேடி" என்றாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டாள்.

பெருநாள் தொழுகை முடிந்து லாரிகள் வந்து நின்றன. ஜனங்கள் இறங்குவதற்குள் நான் போய் மேடை நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கடல் ஏறுகிற நேரம். எனக்கடியில் பாறை இழுத்து இழுத்து மூச்சு விடுவது உடம்பில் தெரிந்தது.

முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். "என்னக்கா, கடைய இங்க மாத்திட்டியா? இஞ்சிப்பானம் எங்க?"

"யாரும் ஏறாதீங்க. இதுக்கடியில ஒண்ணுமில்ல, வெறும் பொந்து" என்றேன்.

"புள்ளத்தாச்சிக்கு வெயில் ஒத்துக்கல போல" என்று ஒரு குரல். இன்னும் சிரிப்பு. பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளி புதுச் சட்டையோடு வந்தார். "மேஸ்திரி, ஒங்க சம்சாரத்தக் கூட்டிட்டுப் போங்க. ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

இவர் மேடை தொடங்குகிற இடத்தில் பாறைமேல் நின்றார். "சம்சியா, எந்திரிச்சு வா."

"எந்திரிக்க முடியலங்க. வந்து கையக் குடுங்க."

"வெளையாடாத. வா."

"வயித்துல ஒங்க புள்ள இருக்கு. வந்து தூக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். கூட்டத்திலிருந்து வாஹிதாவின் குரல் கேட்டது. "என்ன மேஸ்திரி, கட்டுன பொண்டாட்டியத் தூக்க இவ்ளோ யோசனையா? நாலு எட்டுதானே?" யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். இவர் முகத்தில் வேர்வை வழிந்தது. அவர் வரவில்லை, அக்கா.

வாஹிதா விடவில்லை. "அவரு வேணாம். நீங்களாச்சும் போயி கூட்டிட்டு வாங்க முதலாளி. ஒறுதியான மேடைதானே?" முதலாளி சிகரெட் பற்றவைத்தார். குச்சி இரண்டு தடவை அணைந்தது.

அதற்கப்புறம் நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அடுத்தவள் நகர்ந்தாள். யாரும் கத்தவில்லை, யாரும் ஏசவில்லை. பெருநாள் சட்டை போட்ட அத்தனை பேரும் சத்தமில்லாமல் பாதை வழியே திரும்பிப் போனார்கள். வாஹிதா கூட்டி வந்திருந்த மீனவர்கள் வலைக்கயிற்றைக் கொண்டுவந்து பாதையை மறித்துக் கட்டினார்கள்.

நானே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இவரைத் தாண்டி நடந்தபோது அவர் தலையைக் குனிந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

பெட்டி கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை முன்னால் அனுப்புகிறேன். அடுத்த படகில் வருகிறேன். துறைக்கு வா.

சம்சியா


தோமாலோ
3 அக்டோபர் 1985

சம்சியாவுக்கு மஹ்தியின் ஸலாம்.

நீயும் அக்காவும் நலமாக இருக்க துஆ கேட்கிறேன். நான் சுகம். வாசல் வீட்டைக் காலி செய்துவிட்டேன். அண்ணனின் கொப்பரைக் கொட்டகையில் இருக்கிறேன். முதலாளி ஊர்ப்பக்கம் வருவதில்லை. என்னை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மேடை விழுந்துவிட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், நிலம் லேசாக ஆடினதுபோல இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நுனிப்பாறையே இல்லை. கீழே பொந்துக்குள் கடல் புகுந்து சுழன்றுகொண்டிருந்தது. கயிறு கட்டியிருந்ததால் யாரும் இல்லை. வாஹிதா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

பிரசவம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். ஆணா பெண்ணா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. பெருநாளன்று நான் மேடைமேல் ஒரு கால் வைத்தேன். வாஹிதா கத்தினாளே, அதற்கு முன்னால். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. ஊரில் யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

மஹ்தி


தெர்னாத்தே
19 அக்டோபர் 1985

உங்களுக்கு சம்சியாவின் ஸலாம்.

பெண் குழந்தை. போன மாதக் கடைசியில் பிறந்தாள். பெயர் ரய்ஹானா, அக்கா வைத்தாள். பால் நன்றாகக் குடிக்கிறாள். காது உங்கள் காது மாதிரி. பார்க்க வேண்டுமென்றால் படகேறி வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அக்கா தடுக்கமாட்டாள். நான் தோமாலோவுக்குத் திரும்பி வருவதாக இல்லை. விசாரணையில் உண்மையைச் சொன்னதைக் கேட்டு மனம் கொஞ்சம் ஆறியது. கொட்டகையில் ஈரத்தில் படுக்காதீர்கள், உங்களுக்கு நெஞ்சுச் சளி உண்டு.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பார்த்தேன். அதைத் திரும்ப எடுத்ததையும் பார்த்தேன். அக்காவுக்குக்கூட அதை எழுதவில்லை.

சம்சியா